பேரிங்கில் சந்தனம்

என் வண்டியில் அந்தச் சத்தம் வர ஆரம்பித்தபோது ஆளுக்கொரு பேர் வைத்தார்கள். நான் லுங்கி, துண்டு விற்கிறவன். பொதட்டூர்பேட்டை தறிக்காரர்களிடம் சரக்கு எடுத்து, மூட்டை கட்டிப் பின்சீட்டில் வைத்து ஊர் ஊராகப் போகிறவன். அதனால் அந்தச் சத்தத்தையும் ஊர் ஊராகக் கேட்டார்கள். திருவாலங்காட்டுப் பக்கம் லுங்கி வாங்குகிற பெரியம்மா ஒன்று, "நீ வர்றதுக்கு முன்னாடி வெத்தல இடிக்கிற சத்தம் வருது" என்றது. கரும்பு வெட்டுகிற ஒருத்தர், "உன் இன்ஜினுக்குள்ள எவனோ பல்ல கடிச்சிகினு தூங்கறான்" என்றார். எனக்கு இந்த மாதிரிப் பேச்சென்றால் உயிர். சத்தத்தைக்கூட மறந்துவிட்டு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போவேன்.

மெக்கானிக் பாயிடம் காட்டாமலும் இல்லை. அவர் திருப்புளியின் ஒரு முனையை இன்ஜின் மேல் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். கிராங்க் பேரிங் தேய்ந்திருக்கிறது, இன்ஜினை முழுசாகப் பிரிக்கவேண்டும், மலை முருகன் கோயில் ஆடிக் கிருத்திகை கூட்டம் முடியட்டும், அதுவரை ஓடும் என்றார். ஓடவில்லை.

என் வீட்டுக்காரி ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். கே.ஜி.கண்டிகையில் இறங்கி உள்ளே போகவேண்டிய ஊர். பஸ் கண்டிகையோடு சரி. உள்ளே ஆட்டோ வந்தால் வந்தது, வராவிட்டால் நடைதான். அதனால் தினமும் காலையில் அவளை வண்டியில் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு, அப்படியே நான் வியாபாரத்துக்குப் போவேன். அவள் இறங்கின பிறகுதான் மூட்டை பின்சீட்டுக்கு வரும். அதுவரை என் முன்னால் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும்.

ஆனி மாசக் கடைசியில் ஒரு நாள். உள்ளே போகிற ரோட்டில் கரும்புக் கொல்லை ஓரமாக ஒரு வளைவு வரும். அங்கே திரும்பும்போது இன்ஜின் ஒரு கத்து கத்திவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் சுற்றாமல் தேய்த்துக்கொண்டே போய் எங்களைச் சாய்த்தது. வாய்க்கால் ஓரத்துச் சேறு என்பதால் எலும்பு தப்பியது. எனக்கு முட்டி, அவளுக்கு முழங்கை. வளையல் உடைந்து மணிக்கட்டில் கிழித்திருந்தது. சேற்றில் உட்கார்ந்தபடியே அவள் முதலில் கேட்டது ஸ்டோர் ரூம் சாவியைத்தான். சாவி கிடைத்ததும் எழுந்து, புடவையை உதறிக்கொண்டு, மீதி தூரத்தை நடந்துபோய், வீங்கின கையோடு அன்றைக்குச் சாம்பார் சாதம் கிளறிப் போட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "நாளைலேர்ந்து நான் பஸ்லயே போய்க்கிறேன் பாவா" என்றாள். அவள் என் மாமன் மகள். சின்ன வயசிலிருந்து பாவா என்றே கூப்பிட்டுப் பழகியவள், தாலி கட்டின பிறகும் அதை மாற்றவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வது போல அதைச் சொன்னாள்.

வண்டி வீட்டுப் பின்பக்கம் கிடந்தது. அன்றிலிருந்து பஸ். விடிவதற்குள் எழுந்து, இருட்டோடு சமைத்து வைத்துவிட்டு, கண்டிகையில் இறங்கி நடந்து போவாள். திரும்பவும் அதே நடை. அவளுக்கு ஏற்கெனவே குதிகால் வலி. வீட்டுக்கு வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து பக்கெட்டில் வெந்நீரும் உப்பும் போட்டுக் காலை வைத்துக்கொள்வாள். பேச்சு இருக்காது. முன்பெல்லாம் வண்டியில் பின்னால் உட்கார்ந்து என் காதுக்குள் பேசிக்கொண்டே வருவாள். எந்தப் பிள்ளை முட்டையில் மஞ்சளை எடுத்துச் சட்டைப் பையில் ஒளித்து வைத்தான், எந்தப் பிள்ளை தம்பிக்கென்று சோற்றைக் கட்டிக் கேட்டாள், வாத்தியாரம்மா என்ன சொல்லித் திட்டினார், எல்லாம். ஊரெல்லாம் நான் சொல்லுகிற பேச்சில் பாதி அவளிடம் கேட்டதுதான். அது நின்றுபோனதும், மூட்டையைத் தோளில் போட்டுப் பஸ்ஸில் போன வியாபாரத்தில்கூட எனக்கு வாய் வரவில்லை.

ஒரு நாள் சாயங்காலம், பக்கெட்டில் காலை வைத்தபடியே சொன்னாள்.

"பள்ளிக்கூடத்துல சொல்லிட்டேன் பாவா. ஆடியோட நின்னுக்கிறேன்னு."

அவளுக்கு அந்த வேலையை விட மனசில்லை என்று எனக்குத் தெரியும். லீவு நாளில்கூட அந்தப் பிள்ளைகள் என்ன சாப்பிட்டதோ என்று கேட்கிறவள். நடக்கமுடியவில்லை, வண்டியில் ஏறவும் முடியவில்லை. வேறு என்ன செய்வாள். வண்டியைச் சரி பண்ணிவிடுகிறேன் என்றேன். பண்ணிக்கோ என்றாள். ஏறுவேன் என்று சொல்லவில்லை.

பாய் கடைக்குப் போனால் நிற்க இடமில்லை. கிருத்திகைக்கு வருகிற கூட்டம். புத்தூர், சித்தூர் பக்கத்து வண்டியெல்லாம் மலை ஏறி இறங்கி, கிளட்ச் கருகி, செயின் அறுந்து வரிசையில் நின்றன. பாய் தலையைத் தூக்காமலே பேசினார்.

"அண்ணே, என்கிட்ட வுட்டா ஆடி போயி ஆவணி வந்துடும். நீயே பிரி. இழுத்துக் கழட்டற புல்லர் தரேன். டவுட்டுன்னா போன் போடு."

"நான் லுங்கி மடிக்கிறவன் பாய்."

"மடிச்சத பிரிக்கிறியா இல்லியா? அதே மாதிரிதான். பிரிக்கும்போதே எது மேல எது இருந்துச்சுன்னு போட்டோ புடிச்சிக்க. அவ்ளோதான் வித்தை."

கிருத்திகை திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்துக்கு லீவு. அதனால் சனிக்கிழமையே ஆரம்பித்தேன். வீட்டுப் பின்பக்கம் சாயம் ஓடிப்போய் விலைபோகாத ஒரு லுங்கியை விரித்து, வண்டியை ஒட்டி உட்கார்ந்தேன். ஆயிலை வடித்து, சைலன்சர், செயின், ஒயர் எல்லாம் கழற்றி, இன்ஜினை மடியில் ஏந்தி இறக்கினேன். சின்ன வண்டி இன்ஜின்தான். ஆனால் குனிந்தபடி தூக்கினதில் இடுப்பு பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் இன்ஜினைக் கட்டிப்பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். ஹெட், சிலிண்டர் போர், பிஸ்டன், கிளட்ச் என்று ஒவ்வொன்றாய்க் கழற்றி லுங்கியின் கட்டத்துக்குக் கட்டம் வைத்தேன். கட்டம் போட்ட லுங்கிக்கு இப்படி ஒரு உபயோகம் உண்டு என்று எந்தத் தறிக்காரருக்கும் தெரியாது. மேக்னட் மட்டும் வரமாட்டேன் என்றது. புல்லரைப் போட்டு முறுக்கி முறுக்கி, தோள்பட்டை கழன்றுவிடும் போல ஆனபோது அதுவாகவே விட்டுக்கொடுத்தது.

கடைசியாக இன்ஜின் கூட்டை இரண்டாகப் பிளந்தால் உள்ளே நடுவில் கிராங்க். அதை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்கிற இரும்பு வளையம்தான் பேரிங். வளையத்துக்குள் வளையம், நடுவே உருளுகிற குண்டுகள். ஒரு பக்கத்துப் பேரிங்கில் குண்டுகளைப் பிரித்து வைக்கிற தகடு உடைந்து, குண்டெல்லாம் ஒரே மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. இன்னொன்று முழுசாக இருந்தாலும் விரலில் மாட்டிச் சுற்றினால் கரகரவென்றது. கிராங்க்கின் ராடை மேலும் கீழும் ஆட்டிக் காட்டச் சொல்லி பாய் வீடியோ காலில் பார்த்தார். ஆட்டமில்லை, தப்பித்தாய், கூட்டுக்குள் இரும்புத்தூள் இல்லாமல் கழுவு என்றார்.

அவள் பள்ளிக்கூடப் பையை மாட்டிவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். சனிக்கிழமையும் கணக்குப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்களாம். அரை நாள் நடை அவள் முகத்தில் இருந்தது.

"எது நம்மள கீழ தள்ளினது?" என்று கேட்டாள்.

உடைந்த பேரிங்கை எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இத்தனூண்டா?" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கடைத்தெருவில் இரண்டு புதுப் பேரிங் வாங்கினேன். கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கியிருந்தார். இனி தெப்பம் முடிந்துதான் திறப்பேன், வேறு ஏதாவது வேண்டுமா, இப்போதே யோசித்துக்கொள் என்றார். எனக்கு வேண்டியது இது இரண்டுதான் என்று வந்துவிட்டேன்.

பேரிங்கை அதன் குழிக்குள் இறக்க பாய் ஒரு வழி சொல்லியிருந்தார். சுத்தியால் அடித்தால் புதுசே கெட்டுப்போகும். பேரிங்கை ராத்திரி ஃப்ரீசரில் வை, சுருங்கும். கூட்டை நன்றாகச் சூடு பண்ணு, விரியும். அதுவாகவே உட்காரும். ஆனால் எங்கள் வீட்டில் கிருத்திகை விரதம். அவள் வீட்டைக் கழுவி, மீன் வைத்த ஃப்ரீசரையும் மஞ்சள் தண்ணீரால் துடைத்து வைத்திருந்தாள். நான் பேரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றதைப் பார்த்து அவளே ஒரு பிளாஸ்டிக் கவர் கொடுத்து, ஐஸ் டிரேயை நகர்த்தி இடம் பண்ணினாள். எனக்கு அதுவே பெரிசாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கவரை எடுத்தேன். பிரித்துப் பார்த்தால் இரண்டு பேரிங்கிலும் விபூதிப் பட்டை. அதன் மேல் சந்தனம், நடுவே குங்குமம். பொட்டு வைத்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. குண்டுக்கும் குண்டுக்கும் நடுவில் இருந்த சந்தெல்லாம் விரலால் சந்தனத்தை அழுத்தி நிரப்பியிருந்தாள். அது ஃப்ரீசரில் கல் மாதிரி உறைந்திருந்தது. சுற்றவே இல்லை.

முருகனுக்குச் சாத்தின மலைச் சந்தனத்தைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே காய்ச்சலா, பிள்ளை வீறிட்டு அழுகிறதா, பரீட்சையா, கரைத்துக் குடி என்பார்கள். குடிக்கமுடியாதவர்களுக்குப் பூசிவிடுவார்கள். பேரிங் எப்படிக் குடிக்கும்? பூசிவிட்டாள்.

இந்த வண்டிக்குப் போடுவது இரண்டு பக்கமும் திறந்த பேரிங். இன்ஜின் ஆயில் உள்ளே புகுந்து வெளியே வரவேண்டும். ஒரு சிட்டிகை தூசு உள்ளே நின்றாலும் குண்டு தேய ஆரம்பித்துவிடும். இது கல்லில் உரசிய சந்தனம், மேலே திருநீறு. கடையும் பூட்டியாயிற்று. தெருவில் மேளத்தோடு ஒரு காவடி போயிற்று. நான் சாயம் ஓடிய லுங்கியில் இன்ஜின் பாகங்களுக்கு நடுவே ஒரு கட்டத்தில் உட்கார்ந்தேன். கோபம் வரவில்லை. கோபப்படக்கூட உடம்பில் தெம்பு வேண்டும்.

பாய்க்குப் போன் போட்டேன். நடந்ததைக் கேட்கும்போதே சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"எங்க வூட்லயும் புது வண்டிக்கு ஹேண்டில்ல கறுப்பு கயிறு கட்டுவாங்கண்ணே. கயிறு வெளிய இருக்கும். அண்ணி நேரா ஆபரேஷன் தியேட்டருக்குள்ளயே பூந்துட்டாங்க."

"கழுவினா போகுமா பாய்?"

"பெட்ரோல்ல ஊற வெச்சி பிரஷ் போடு. காதுகிட்ட வெச்சி சுத்திப் பாரு, நெருநெருன்னா போடாத." பிறகு குரல் மாறியது. "அண்ணே, ஒண்ணு. சாமி சமாச்சாரம். நீபாட்டுக்கு கழுவிட்டு சொல்லாம வுட்டுடாத. அவங்கள கேட்டுக் கழுவு."

அடுப்படியில் அவள் தலைக்குக் குளித்த ஈரத்தோடு பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தாள். பேரிங்கை முன்னால் நீட்டினேன். வண்டிக்குப் பொட்டு வைப்பது நல்லதுதான், ஆனால் இது உள்ளே ஓடுகிற சாமான், துளி மண் பட்டாலும் மறுபடி பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினேன்.

"மண்ணா? மலை சந்தனம் பாவா அது."

அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"நீ ஹேண்டில்ல வெக்கிற பொட்டெல்லாம் வெய்யில்ல காஞ்சி கொட்டிடுது. நம்மள தள்ளினது வெளிய இருக்கறது இல்லியே. உள்ள இருக்கறதுதானே? அதுக்குத்தான் அதுக்கே வெச்சேன்." கரண்டியைத் தட்டின் மேல் வைத்தாள். "வெச்சிட்டா நான் ஏறிடுவேன்னு பார்த்தேன்."

கையில் பேரிங் ஜில்லென்று இருந்தது. சந்தனம் இளகி விரலில் வழிய ஆரம்பித்திருந்தது. கழுவினால் அவள் ஏறமாட்டாள். கழுவாவிட்டால் அவளை ஏற்றிக்கொண்டு போகவே முடியாது. ஊர் ஊராகப் பேசி விற்கிற வாயை வைத்துக்கொண்டு நின்றேன்.

அவள்தான் பேசினாள். "மறுபடி புடிச்சிக்குமா? நெஜமா?"

"புடிச்சிக்கும்."

"அப்ப குடு. நான் வெச்சத நானே எடுக்கறேன்."

பின்பக்கம் வந்து உட்கார்ந்தாள். ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் நான் பெட்ரோல் ஊற்ற, பழைய பல் துலக்கும் பிரஷால் சந்து சந்தாகத் தேய்த்தாள். பெட்ரோல் மஞ்சளாகக் கலங்கியது. விரலில் மாட்டிச் சுற்றிக் காதருகே வைத்துக் கேட்டாள். எனக்கும் காட்டினாள். எனக்குச் சுத்தமாகத்தான் கேட்டது.

"இல்ல பாவா, கல்லு இருக்குது. இன்னொரு தண்ணி வுடு."

அரிசி களைகிற மாதிரி பெட்ரோலுக்கும் தண்ணி என்றுதான் சொன்னாள். மூட்டை மூட்டையாக அரிசியில் கல் பொறுக்கின கையும் காதும் அவளுக்கு. மறுபடி ஊற்றினேன், மறுபடி தேய்த்தாள். வண்டியில் இருந்த பெட்ரோலில் பாதி அப்படிப் போயிற்று. கடைசியில் சுற்றிவிட்டால் சத்தமே இல்லாமல் நீளமாக ஓடி நின்றது. தலையை ஆட்டினாள். நான் அவற்றைக் காயவைத்துப் புதுக் கவரில் சுற்றி மறுபடி ஃப்ரீசரில் வைத்துவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் அவள் அந்தக் கலங்கின பெட்ரோல் கிண்ணத்தோடு நடுவில் நிற்கிறாள். எங்கே ஊற்றுவது? சாமிக்கு வைத்ததைக் கழுவின தண்ணீரைக் கால் படுகிற இடத்தில் ஊற்றமாட்டார்கள். செம்பருத்திச் செடி வேரில்தான் எப்போதும் ஊற்றுவாள். பெட்ரோலை ஊற்றினால் செடி கருகிவிடும். சாக்கடை கூடவே கூடாது. செடியைப் பார்க்கிறாள், கிண்ணத்தைப் பார்க்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவள் ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்து நிற்பதைப் பார்த்தால் அதுவும் அடங்கிப்போயிற்று.

பின்பக்கத்தில் வெந்நீர் போடுகிற விறகடுப்பு ஒன்று இருந்தது. கூட்டைச் சூடு பண்ண அதில் விறகு அடுக்கி வைத்திருந்தேன், இன்னும் பற்றவைக்கவில்லை. அவள் நேராகப் போய் அந்த விறகின் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்தாள்.

"நெருப்புல போனா தப்பில்ல" என்றாள்.

மீதிப் பெட்ரோலை வாசல்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, நீளமான தென்னங்குச்சியில் நெருப்பு வைத்துத் தூர நின்று நீட்டினேன். பக்கென்று பிடித்தது. பெட்ரோல் வாசனை அடங்கினதும் கொஞ்ச நேரம் சந்தன வாசனை வந்தது. வந்ததாக அவள் சொன்னாள். எனக்குப் பெட்ரோல்தான் வந்தது, ஆங் வருது என்றேன்.

அடுப்பில் பழைய தோசைக்கல்லைப் போட்டு, அதன் மேல் இன்ஜின் கூட்டைக் கவிழ்த்து வைத்தோம். எவ்வளவு சூடு என்று பாய் சொன்ன கணக்கு எனக்குப் புரியவில்லை. அவள் விரலை நனைத்துக் கூட்டின் மேல் உதறினாள். துளி நின்று கொதித்தது. இன்னும் ஆகட்டும் என்றாள். அடுத்த தரம் துளி துள்ளி ஓடியது. "இப்ப எடு." சாக்கைச் சுற்றிக் கூட்டை எடுத்துக் கீழே வைத்தேன். அவள் ஃப்ரீசரிலிருந்து பேரிங்கைக் கொண்டுவந்தாள். குழிக்கு நேராகப் பிடித்து விட்டேன். ணக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அசைக்கமுடியவில்லை. இன்னொரு பாதிக்கும் அப்படியே.

மீதியை மாட்டி முடிக்கத் திங்கட்கிழமை பூராவும் ஆயிற்று. பிஸ்டன் ரிங்கைப் போருக்குள் நுழைக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாட்டினதைக் கழற்றி மறுபடி மாட்டினேன். போட்டோவில் இருந்த ஒரு வாஷர் கையில் மிச்சமாக நின்றதால்தான். மலையில் அரோகரா சத்தம் ஓயவே இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் கிக்கரை உதைத்தேன். உதைத்துக்கொண்டே இருந்தேன். இன்ஜின் ஸ்டார்ட் ஆனபோது வண்டியின் மேல் கவிழ்ந்து படுத்துவிட்டேன். அவள் வாசல் நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டு நின்றாள். ம் என்றாள். உள்ளே போய் எனக்குச் சோறு போட்டாள்.

மறுநாள் காலையில் பையோடு வந்தவள் வண்டிப் பக்கத்தில் கொஞ்சம் நின்றாள். சீட்டைத் தொட்டாள்.

"கண்டிகை வரைக்கும் பஸ்ல வரேன். நீ அங்க வந்து நில்லு பாவா."

போய் நின்றேன். பஸ் வந்தது. கடைசி ஆளாக, குதிகாலை ஊன்றாமல் இறங்கினாள். பின்னால் ஏறி உட்கார்ந்தாள். என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. மாட்டுவண்டி வேகத்தில் போனேன். கரும்புக் கொல்லை தெரிந்ததும் தோளில் தட்டினாள்.

"நிறுத்து. இந்த எடத்த நான் நடந்தே தாண்டிக்கிறேன். நீ அந்தாண்ட போய் நில்லு."

வளைவைத் தாண்டிப் போய் நின்றேன். கண்ணாடியில் அவள் வருவது தெரிந்தது. ரோட்டின் நடுவில், வாய்க்காலைப் பார்க்காமல், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். வந்து ஏறினாள். கொஞ்ச தூரம் போனதும், முட்டை மஞ்சளை ஒளித்து வைத்தானே அந்தப் பையன், அவன் அம்மா வந்து என்ன கேட்டாள் தெரியுமா என்று என் காதுக்குள் ஆரம்பித்தாள்.

ஆடி முடிந்து ஆவணியும் போய்விட்டது. வேலையை விடுகிற பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது வீட்டு வாசலிலேயே ஏறிக்கொள்கிறாள். ஆனால் அந்த வளைவில் இன்றைக்கும் இறங்கிக்கொள்கிறாள். மழையென்றால் குடையோடு இறங்குகிறாள். நான் அந்தப் பக்கம் போய் நிற்கும்போது இன்ஜினை அணைக்கக்கூடாதாம். அதைக் கேட்டுக்கொண்டேதான் அவளால் அங்கே நடக்கமுடிகிறதாம்.